சாயாத படம் என்று ஒன்று உண்டா? இஸ்ரேல்–பாலஸ்தீன ஆவணப்படங்களைப் பற்றி

கேள்வி சுருக்கமாக இது: இஸ்ரேல்–பாலஸ்தீனப் பிரச்சினை பற்றி எந்தப் பக்கமும் சாயாத ஆவணப்படம் ஏதாவது இருக்கிறதா? எதைப் பார்த்தாலும் மற்ற தரப்பு 'பிரச்சாரம்' என்று தள்ளிவிடுகிறதே, பார்க்கிறவர் எதை நம்புவது?

அப்படி ஒரு படம் இல்லை. இருக்கவும் முடியாது என்பது என் கருத்து. நான் படத்தொகுப்பு வேலை செய்பவன். இந்தப் பிரச்சினை பற்றிய படங்களைப் பல வருடங்களாகத் திரையிட்டும் விவாதித்தும் வருகிறேன். படம் முடிந்ததும் யாராவது ஒருவர் எழுந்து "மறுபக்கம் எங்கே?" என்று கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் நான் அதற்கு முன்னால் வேறு ஒன்றைக் கேட்பேன்: இந்தப் படம் தன்னைப் பற்றி என்னிடம் எதை மறைத்தது? கேமரா எங்கே நின்றது, அதைப் பிடித்தவர் யார், பணம் யார் கொடுத்தது, எந்த இரண்டு ஷாட்டுகளை எதற்காக ஒட்டினார்கள்? இதையெல்லாம் திறந்து வைத்த படம் எவ்வளவு சாய்ந்திருந்தாலும் எனக்குப் பயன்படும். மறைத்த படம் இரு தரப்புக்கும் நிமிடம் எண்ணிப் பங்கு கொடுத்திருந்தாலும் பயன்படாது.

2013 ஆஸ்கரில் சிறந்த ஆவணப்படத்துக்கான ஐந்து பரிந்துரைகளில் இரண்டு இந்தப் பிரச்சினை பற்றியவை. ஒன்று 'ஃபைவ் புரோக்கன் கேமராஸ்'. இஸ்ரேல் ஆக்கிரமித்திருக்கும் பாலஸ்தீனப் பகுதியான மேற்குக் கரையில், ரமல்லாவுக்கு மேற்கே இருக்கும் பிலின் என்ற கிராமத்து விவசாயி இமாத் பர்னாத், 2005-இல் நான்காவது மகன் பிறந்தபோது ஒரு கேமரா வாங்குகிறார். அதே சமயம் இஸ்ரேல் கட்டும் தடுப்பு வேலி ஊர் நிலத்தின் பெரும் பகுதியைத் துண்டித்துக்கொண்டு வருகிறது. மகன் வளர்வதையும் ஊர் நடத்தும் வாராந்தரப் போராட்டத்தையும் அவர் படம் பிடிக்கிறார். கண்ணீர்ப்புகைக் குண்டு, தோட்டா, அடி என்று ஒவ்வொரு கேமராவாக உடைகிறது.

படம் முழுக்க ஒரே இடத்திலிருந்து பார்க்கிறது. இஸ்ரேலியச் சிப்பாய்களின் முகத்தைப் பார்க்கிறோம், அவர்கள் மனதில் என்ன ஓடுகிறது என்று தெரியாது. அந்த வேலி ஏன் வந்தது, அதற்கு முந்தைய வருடங்களில் இஸ்ரேலிய நகரங்களில் பேருந்துகளிலும் உணவகங்களிலும் வெடித்த தற்கொலைக் குண்டுகள் எத்தனை உயிரைக் குடித்தன என்பதெல்லாம் படத்தில் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் படம் இதை மறைக்கவில்லை. தலைப்பிலேயே சொல்லிவிடுகிறது: இது இந்த ஐந்து கேமராக்கள் பார்த்தது, அவ்வளவுதான்.

அதில் ஓர் இடத்தை நான் அடிக்கடி எடுத்துச் சொல்வேன். பர்னாத் ஓட்டிய வண்டி விபத்துக்குள்ளாகி அவர் மோசமாக அடிபடுகிறார். டெல் அவிவில் உள்ள இஸ்ரேலிய மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள், உயிர் பிழைக்கிறார். பாலஸ்தீன மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருக்க மாட்டேன் என்று அவரே விவரணையில் சொல்கிறார். அவர் சொல்ல வரும் கதைக்கு இந்தத் தகவல் எந்த விதத்திலும் உதவாது. எடுத்துவிட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. 500 மணி நேரத்துக்கு மேலான ஃபுட்டேஜை ஒன்றரை மணி நேரமாகக் குறைத்தபோதும் அதை வைத்திருக்கிறார்கள். ஒரு படத்தை நம்பலாமா என்று நான் பார்ப்பது இப்படிப்பட்ட இடங்களில்தான். தன் வாதத்துக்கு இடைஞ்சலான ஒன்றைத் தானே உள்ளே வைத்திருக்கிறதா?

இன்னொரு படம் ட்ரோர் மோரே இயக்கிய 'தி கேட்கீப்பர்ஸ்'. இஸ்ரேலின் உள்நாட்டு உளவு அமைப்பான ஷின் பெட்டின் முன்னாள் தலைவர்கள் ஆறு பேர் கேமரா முன்னால் உட்கார்ந்து பேசுகிறார்கள். ஒரு பாலஸ்தீனரைக்கூடப் பேட்டி எடுக்கவில்லை. அந்தக் கணக்கில் இதுவும் ஒருதலைப்பட்சம்தான். ஆனாலும் ஆக்கிரமிப்பு இஸ்ரேலுக்கே என்ன செய்திருக்கிறது என்பதை இந்த ஆறு பேர் சொல்லும்போது வரும் கனம், வெளியாள் யார் சொன்னாலும் வராது. 1984-இல் 300-ஆம் எண் பேருந்துக் கடத்தலில் உயிரோடு பிடிபட்ட இருவர் விசாரணை இல்லாமல் கொல்லப்பட்டார்கள். அப்போது தலைவராக இருந்த அவ்ரஹாம் ஷாலோமிடம் மோரே அதைத் துருவித் துருவிக் கேட்கிறார். சஸ்பெண்டர் பட்டை மாட்டிக்கொண்டு தாத்தா மாதிரி உட்கார்ந்திருக்கும் அந்த மனிதர் முதலில் நழுவுகிறார், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வாய் திறக்கிறார்.

இந்தப் படத்திலும் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. அந்தப் பேருந்துச் சம்பவத்தின் புகைப்படங்களைக் கணினியில் முப்பரிமாணமாக விரித்து, கேமரா அந்த இடத்துக்குள் நடந்துபோவது மாதிரி செய்திருக்கிறார்கள். பார்க்கப் பிரமாதமாக இருக்கிறது. ஆனால் அங்கே உண்மையில் இருந்தது சில புகைப்படங்கள்தான். அவற்றில் ஒன்றுதான் பிடிபட்டவர் உயிரோடு அழைத்துச் செல்லப்பட்டதை நிரூபித்த சாட்சியம். சாட்சியத்தை நகரவைத்துக் காட்டும்போது எது கிடைத்தது, எது நாமாக உருவாக்கியது என்ற எல்லை மங்கிவிடுகிறது. யாருமே பொய் சொல்லவில்லை. இருந்தாலும் நான் அதைச் செய்திருக்க மாட்டேன்.

சரி, எது தாண்டக் கூடாத கோடு? அதற்கு 'ஜெனின், ஜெனின்' படத்துக்கு வர வேண்டும். இந்தப் பிரச்சினையில் இவ்வளவு நீண்ட காலம் நீதிமன்றத்தில் இழுபட்ட படம் வேறு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

2002 மார்ச் 27 அன்று நெதன்யா நகரின் பார்க் ஹோட்டலில் பாஸ்கா என்ற யூதப் பண்டிகை விருந்தின்போது நடந்த தற்கொலைக் குண்டுவெடிப்பில் 30 பேர் இறந்தார்கள். அதைத் தொடர்ந்து இஸ்ரேல் ராணுவம் மேற்குக் கரை நகரங்களுக்குள் நுழைந்தது. ஏப்ரலில் ஜெனின் அகதி முகாமில் கடும் சண்டை. பத்திரிகையாளர்களை உள்ளே விடவில்லை. நூற்றுக்கணக்கானோர் படுகொலை என்ற செய்தி உலகமெங்கும் பரவியது. பின்னர் ஐ.நா. அறிக்கை வந்தபோது, இறந்த பாலஸ்தீனர்கள் 52 பேர், அவர்களில் பாதி வரை பொதுமக்களாக இருக்கலாம், இஸ்ரேலியச் சிப்பாய்கள் 23 பேர் என்று தெரிந்தது. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு திட்டமிட்ட படுகொலைக்கு ஆதாரம் இல்லை என்றது. ஆனால் போர்க்குற்றங்கள் நடந்தன என்பதற்கு வலுவான ஆதாரம் இருக்கிறது என்றும் சொன்னது. இந்த இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துச் சொல்பவர்களை இரண்டு தரப்பிலும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சண்டை முடிந்த கையோடு இஸ்ரேலின் அரபுக் குடிமகனும் புகழ்பெற்ற நடிகருமான முகமது பக்ரி முகாமுக்குள் போகிறார். அங்கே அவர் எடுத்த படம்தான் 'ஜெனின், ஜெனின்'. காது கேளாத, வாய் பேசாத ஒருவர் இடிபாடுகளுக்கு நடுவே நின்று கையாலும் உடம்பாலும் நடந்ததை நடித்துக் காட்டுகிறார். அந்தக் காட்சியை மறப்பது கஷ்டம். முகாமில் இருந்தவர்கள் கேமராவைப் பார்த்து மனதில் இருப்பதைக் கொட்டுகிறார்கள். இஸ்ரேலியத் தரப்பு இல்லை, விவரணை இல்லை, சொன்னதை எங்கும் சரிபார்க்கவில்லை. இதுவரைக்கும் நான் குறை சொல்ல மாட்டேன். வீடு இடிந்த மூன்றாம் வாரம் ஒரு மனிதர் சொல்லும் எண்ணிக்கை தப்பாக இருக்கலாம், அவருடைய அதிர்ச்சி தப்பாகாது. உலகம் கேட்க மறுத்த குரல்களைப் பதிவு செய்கிறேன் என்று ஒரு படம் சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

சிக்கல் தொகுப்பு மேசையில் வருகிறது. கைதிகள் தரையில் படுத்திருக்கிறார்கள். ஒரு கவச வாகனம் வருகிறது. கட். வாகனம் அவர்கள் மேல் ஏறியது என்று பார்ப்பவர் நினைத்துக்கொள்வார். அப்படி ஒன்று நடந்ததாகப் படத்தில் யாரும் சொல்லவில்லை, வெட்டுதான் சொல்கிறது. பக்ரி பிற்பாடு அது தன் கலைத் தேர்வு என்றார். ஒரு தொகுப்பாளனாக இதை என்னால் ஏற்க முடியவில்லை. முகாமில் உண்மையாகவே நடந்த கொடுமைகள் இருந்தன. இந்த ஒரு வெட்டு அவற்றையெல்லாம் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிட்டது. படத்தைத் தாக்க நினைத்தவர்கள் கையில் இதைவிடப் பெரிய ஆயுதத்தை யாரும் கொடுத்திருக்க முடியாது. இழப்பு முகாம் மக்களுக்குத்தான்.

அப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டும். இஸ்ரேலின் தணிக்கைக் குழு படத்தைத் தடை செய்தது. உச்ச நீதிமன்றம் 2003-இல் தடையை நீக்கியது. பொய் இருக்கிறது என்ற காரணத்துக்காகத் தடை செய்ய முடியாது, எது உண்மை என்று தீர்மானிக்கும் வேலை தணிக்கைக் குழுவுடையது இல்லை என்பதே தீர்ப்பின் சாரம். ஆனால் படத்தில் சில வினாடி மட்டும் தெரியும் ஒரு ரிசர்வ் வீரர் பின்னர் அவதூறு வழக்குப் போட்டார். படத்தில் ஒரு முதியவர் சிப்பாய்கள் தன் பணத்தைப் பறித்ததாகச் சொல்லும் இடத்தில் இந்த வீரரின் உருவம் வருகிறது. 2021 ஜனவரியில் லோத் மாவட்ட நீதிமன்றம் படத்தை இஸ்ரேலில் திரையிடக் கூடாது, பக்ரி 1,75,000 ஷெக்கல் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்றது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இந்தத் தடையை நான் எதிர்க்கிறேன். வெட்டு தப்பு என்றால் அதைக் காட்டி விமர்சிக்க வேண்டும். இருபது வருடம் ஒரு கலைஞரை நீதிமன்றப் படிகளில் ஏற்றி இறக்கி, பிரதிகளைப் பறிமுதல் செய்யச் சொன்னால் அடுத்து கேமரா தூக்க நினைப்பவருக்கு என்ன செய்தி போகிறது?

இதே அளவுகோலைப் பெரிய நிறுவனங்களுக்கும் வைத்துப் பார்க்கலாம். 2025 பிப்ரவரியில் பிபிசி காஸா போரைக் குழந்தைகள் கண்வழியே காட்டும் ஒரு படத்தை ஒளிபரப்பியது. இயக்குநர்கள் லண்டனிலிருந்து வழிகாட்ட, காஸாவில் இருந்த இரண்டு ஒளிப்பதிவாளர்கள் பல மாதம் உயிரைப் பணயம் வைத்து எடுத்தது. கதையைச் சொல்வது 13 வயதுச் சிறுவன். ஒளிபரப்பான சில நாளில் அவனுடைய அப்பா காஸாவை ஆண்டுவந்த ஹமாஸ் அமைப்பின் நிர்வாகத்தில் வேளாண் துறைத் துணை அமைச்சர் என்று வெளியே வந்தது. பிபிசி படத்தைத் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. ஜூலையில் வந்த உள்விசாரணை, தயாரிப்பு நிறுவனத்தில் மூன்று பேருக்கு இது முன்பே தெரியும் என்றது. சிறுவனின் குடும்பம் படத்தின் உள்ளடக்கத்தில் தலையிட்டதற்கு ஆதாரம் இல்லை என்றும் சொன்னது. அக்டோபரில் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம், பார்வையாளர்கள் தவறாக வழிநடத்தப்பட்டார்கள் என்று தீர்ப்பளித்தது.

அந்தச் சிறுவன் காட்டிய இடிபாடுகள் பொய்யில்லை. காயமடைந்த குழந்தைகள் பொய்யில்லை. படத்தின் தொடக்கத்தில் ஒரு வரி போட்டிருந்தால் போதும்: 'இவனுடைய தந்தை காஸா நிர்வாகத்தில் துணை அமைச்சர்.' பார்ப்பவர் அதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்திருப்பார். அந்த ஒரு வரி இல்லாமல் போனதால் ஒளிப்பதிவாளர்களின் முழு உழைப்பும் குப்பைக்குப் போனது, காஸாவிலிருந்து வரும் எல்லாப் படங்களையும் சந்தேகிக்க ஒரு சாக்கும் கிடைத்தது.

அதன் பின்விளைவையும் பாருங்கள். காஸா மருத்துவர்கள் மீதான தாக்குதல்கள் பற்றிய இன்னொரு படத்தை அதே பிபிசி தானே தயாரிக்கச் சொல்லி, முடிந்த பிறகு, சார்புடையது என்ற தோற்றத்தை உண்டாக்கலாம் என்று சொல்லிக் கைவிட்டது. ஜூலை 2 அன்று சேனல் 4 அதை ஒளிபரப்பியது. படத்தில் தப்பு இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. சார்பாகத் தெரியுமா என்பது முற்றிலும் வேறு கேள்வி. இரண்டாவதற்குப் பயந்தால் எந்தப் படமும் வெளியே வராது.

எதிர்ப்பக்கத்திலும் இது நடந்தது. ஹமாஸ் இஸ்ரேலுக்குள் புகுந்து தாக்கிய 2023 அக்டோபர் 7 அன்று தன் மகன் குடும்பத்தை மீட்க டெல் அவிவிலிருந்து வண்டி ஓட்டிப்போன ஓய்வுபெற்ற ஜெனரல் நோவாம் திபோன் பற்றிய ஒரு படத்தை 2025-இல் டொரண்டோ திரைவிழா முதலில் விலக்கிக்கொண்டது. படத்தில் வரும் காட்சிகளின் உரிமை தெளிவாக்கப்படவில்லை என்றார்கள். அந்தக் காட்சிகளில் தாக்குதல் நடத்தியவர்களே எடுத்தவையும் இருந்தன. கண்டனம் கிளம்பியதும் விழா முடிவை மாற்றிக்கொண்டது. படம் திரையிடப்பட்டு ஆவணப்படங்களுக்கான பார்வையாளர் விருதையும் வாங்கியது. தகவலில் பிழை என்று யாரும் சொல்லவில்லை. அதை விலக்க நினைத்ததும் எனக்குத் தப்பாகவே படுகிறது.

காஸா பற்றிப் பேசும்போது மறந்துபோகும் ஒரு விஷயம்: 2023 அக்டோபர் முதல் வெளிநாட்டுப் பத்திரிகையாளர்களைச் சுயேச்சையாக உள்ளே போக இஸ்ரேல் அனுமதிக்கவில்லை. ராணுவத்தோடு போகலாம், ராணுவம் காட்டுவதைப் பார்க்கலாம். ஆகவே அங்கிருந்து வரும் மற்ற காட்சிகள் பெரும்பாலும் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கும் காஸாக்காரர்கள் எடுத்தது. 'உள்ளூர்க்காரர் எடுத்தது, அதனால் சார்பு' என்று தள்ளுவதற்கு முன்னால் வேறு யாரும் எடுக்க முடியாத நிலை எப்படி வந்தது என்று கேட்க வேண்டும். ஈரானிய இயக்குநர் சேபிதே ஃபார்ஸி, காஸாவின் இளம் புகைப்படக் கலைஞர் ஃபாத்மா ஹசூனாவோடு வீடியோ அழைப்பில் பேசியதை வைத்தே ஒரு படம் எடுத்தார். கான் விழாவில் அது திரையிடப்படும் என்று அறிவித்த மறுநாள், 2025 ஏப்ரல் 16 அன்று, ஃபாத்மா தன் வீட்டின் மேல் விழுந்த குண்டில் குடும்பத்தினரோடு இறந்தார்.

'நோ அதர் லேண்ட்' பற்றிக் கேட்காமல் யாரும் விடுவதில்லை. ஹெப்ரானுக்குத் தெற்கே மசாஃபர் யத்தா என்ற கிராமத் தொகுப்பு. 1980-களின் தொடக்கத்தில் இஸ்ரேல் அதை 918-ஆம் எண் துப்பாக்கிப் பயிற்சி வளாகமாக அறிவித்தது. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் மக்களை வெளியேற்ற வழிவிட்டது. இரண்டு பாலஸ்தீனர்கள், இரண்டு இஸ்ரேலியர்கள் சேர்ந்து இயக்கிய படம். 2025 மார்ச்சில் ஆஸ்கர் வென்றது. இஸ்ரேலியக் கலாச்சார அமைச்சர் மிக்கி ஜோஹர் இது சினிமாவுக்கே சோகமான தருணம் என்றார். சில நாளில் பாலஸ்தீனக் கலாச்சாரப் புறக்கணிப்பு இயக்கமும் படத்தைக் குறை சொன்னது. இஸ்ரேலியரோடு சேர்ந்து எடுத்தது ஆக்கிரமிப்பை இயல்பாக்குவதாகும் என்பது அவர்கள் வாதம். அதே மாதம் இயக்குநர்களில் ஒருவரான ஹம்தான் பல்லாலை, மேற்குக் கரையில் குடியேறியிருக்கும் இஸ்ரேலியர்கள் தாக்கினார்கள், ராணுவம் அவரையே பிடித்து ஓர் இரவு வைத்திருந்தது.

இந்தப் படத்திலும் குறை உண்டு. அந்த இடத்தில் 1980-க்கு முன்பு நிரந்தரமாக யாரும் குடியிருக்கவில்லை என்ற அரசின் வாதத்தைத்தான் நீதிமன்றம் ஏற்றது. படம் அதோடு மல்லுக்கட்டுவதில்லை. கட்டியிருந்தால் இன்னும் வலுவாக இருந்திருக்கும். ஏனென்றால் அதற்கு மறுப்பு இருக்கிறது: 1981-இல் அன்றைய வேளாண் அமைச்சர் ஏரியல் ஷரோன், அந்த மலைப்பகுதியில் அரபுக் கிராமத்தார் பரவுவதைத் தடுக்கவே பயிற்சி நிலத்தை விரிவாக்கலாம் என்று சொன்ன கூட்டக் குறிப்பு ஆவணக் காப்பகத்திலிருந்து வெளிவந்திருக்கிறது. ஆனால் படம் செய்யும் ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. இயக்குநர்களுக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வை அது மறைக்கவில்லை. இஸ்ரேலியரான யுவால் அப்ரஹாம் இஸ்ரேலிய வண்டிகளுக்குரிய மஞ்சள் நம்பர் பிளேட் வண்டியில் வருகிறார், இரவு வீட்டுக்குப் போகிறார். பாலஸ்தீனரான பாசல் அத்ராவால் அனுமதி இல்லாமல் மேற்குக் கரையிலிருந்து இஸ்ரேலுக்குள் போக முடியாது. அதைப் பற்றி இருவரும் புகைத்துக்கொண்டே பேசும்போது அந்த நட்பில் இருக்கும் சங்கடம் நன்றாகத் தெரிகிறது.

'சமநிலை' கேட்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். 2001-இல் வந்த 'பிராமிசஸ்' ஜெருசலேமிலும் சுற்றுப்புறத்திலும் வாழும் ஏழு குழந்தைகளை எடுத்துக்கொண்டது: நான்கு யூதர், மூன்று பாலஸ்தீனர். இதைவிடச் சமமாகப் பிரிக்க முடியாது. ஆனால் கடைசியில் அவர்கள் சந்திக்கும்போது யூத இரட்டையர்கள்தான் தெஹைஷே அகதி முகாமுக்குப் போகிறார்கள். முகாம் பையன் நினைத்த நேரத்தில் ஜெருசலேமுக்கு வர முடியாது, நடுவே சோதனைச்சாவடி. திரையில் நேரம் சமம், வாழ்க்கையில் நிலைமை சமமில்லை. அந்தப் படம் சாவடியையும் காட்டியதால் தப்பித்தது. காட்டாமல் விட்டிருந்தால் அதன் சமநிலையே பொய்யாகியிருக்கும்.

கடைசியாக, பார்க்கிறவரின் சார்பு. இதைப் பற்றி ரானான் அலெக்ஸாண்ட்ரோவிச் அளவுக்கு நேர்மையாக யோசித்தவர் குறைவு. 2011-இல் அவர் எடுத்த 'தி லா இன் தீஸ் பார்ட்ஸ்', ஆக்கிரமிப்புப் பகுதிகளின் ராணுவச் சட்டத்தை எழுதி நடத்திய இஸ்ரேலிய நீதிபதிகளை ஒரு மேசை முன்னால் உட்காரவைத்துக் கேள்வி கேட்கிறது. அவர்கள் முதுகுக்குப் பின்னால் திரையில் பழைய காட்சிகள் ஓடுகின்றன. இங்கே நீதிபதி இடத்தில் இருப்பது நான், எதை வைப்பது எதை வெட்டுவது என்பது என் கையில் என்று விவரணையிலேயே சொல்லிவிடுகிறார்.

பிறகு அவர் அமெரிக்காவில் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் 'தி வ்யூயிங் பூத்' எடுத்தார். இஸ்ரேலை ஆதரிக்கும் ஒரு யூத மாணவி தனி அறையில் உட்கார்ந்து இஸ்ரேலிய மனித உரிமை அமைப்பான பெத்செலெம் போன்றவை வெளியிட்ட காணொளிகளைப் பார்க்கிறார். நாம் அவர் முகத்தைப் பார்க்கிறோம். ஹெப்ரானில் நடுராத்திரி சிப்பாய்கள் ஒரு வீட்டுக்குள் நுழைந்து தூங்கும் குழந்தைகளை எழுப்பும் காட்சி. அவர் கலங்குகிறார், உடனே கேள்வியும் கேட்கிறார்: கேமரா ஏன் தயாராக இருந்தது? இதற்கு முன்னால் என்ன நடந்தது? செட்டப்பாக இருக்குமோ? சில மாதம் கழித்து இயக்குநர் அவரை மறுபடி அழைத்து, அவர் பார்த்ததையே அவருக்குப் போட்டுக் காட்டுகிறார். அவர் மனம் மாறிவிடுவதில்லை. அவர் கேட்பவை எல்லாம் நல்ல கேள்விகள்தான், நான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவையும் அவைதான். ஆனால் நமக்குப் பிடிக்காத காட்சிக்கு மட்டும் அந்தக் கேள்விகளை எடுக்கிறோமா என்று அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும். அக்டோபர் 7 காணொளிகளை அலசித் துருவிய சிலர் காஸா காணொளிகளைக் கண்ணை மூடிக்கொண்டு பகிர்ந்ததையும், அப்படியே நேர்மாறாகச் செய்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்றால், 'ஃபைவ் புரோக்கன் கேமராஸ்', 'தி கேட்கீப்பர்ஸ்' இரண்டையும் ஒரே வாரத்தில் பாருங்கள். ஒன்றில் வேலிக்கு இந்தப் பக்கம் நிற்பவர், மற்றதில் அந்த வேலியைக் கட்டிய நாட்டின் பாதுகாப்பை நடத்தியவர்கள். அதற்குப் பிறகு 'தி வ்யூயிங் பூத்'. 'ஜெனின், ஜெனின்' பார்ப்பதாக இருந்தால் ஐ.நா. அறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள், கவச வாகனம் வரும் இடத்தில் நிறுத்தி, எந்த ஷாட்டில் உண்மையாகவே என்ன தெரிகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.